என் மூட்டையை யார் இறக்குவது

போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, என்னை எதிர் வரிசைக்காரியிடம் காட்டி, “பாவம், தாய் தகப்பன் இல்லாம வளந்த பிள்ளை” என்று உச்சுக் கொட்டினாள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்னும் நான் பிள்ளையாம், இன்னும் பாவமாம். வந்த கோபத்தில் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிவிட்டேன். சண்டை போடவில்லை. விசேஷ வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயை இங்கே திறக்கிறேன்.

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் தெரிந்தது ஊர் சொல்லும் கதை. அதில் நான் வழி தவறிப் போன பிள்ளை. ஐயா, நான் வழி தவறவே இல்லை. எனக்குப் போகிற இடமும் தெரியும், போகிற காரணமும் தெரியும்.

அம்மா காய்ச்சலில் போனாள். அடுத்த வருடம் அப்பா பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறையில் போனார். எனக்கு வயது பத்து. தம்பிக்கு ஐந்துகூட முடியவில்லை. காரியம் முடிந்த அன்றே பெரியவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்களைப் பாகம் பிரித்தார்கள். தம்பி ஆண்பிள்ளை, ஆகவே தகப்பன் வழியில் பெரியப்பா வீட்டுக்கு, ஆனைக்குட்டத்துக்கு. நான் பெண்பிள்ளை, ஆகவே அம்மாவின் தங்கை வீட்டுக்கு, சாத்தூருக்குக் கீழ்ப்பக்கம் ஆற்றங்கரை ஊருக்கு. அடுப்பையும் அண்டாவையும் பிரித்த அதே மூச்சில் எங்களையும் பிரித்தார்கள்.

“சேத்து வச்சா அழுதுக்கிட்டே கிடக்கும்க. பிரிச்சு விட்டா சுருக்க மறந்துரும்க” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் நல்லவர்தான், எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேச வேண்டியதை எங்களைப் பற்றிப் பேசினார். தம்பி வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா ஏறலை, அக்கா ஏறலை” என்று கத்திக்கொண்டே போனான். வண்டிக்காரர் அதைக் கேட்டு வண்டியை ஒருமுறை நிறுத்தினார். பெரியப்பா ஓட்டச் சொன்னார்.

சித்தி வீட்டில் எனக்குப் பசி கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும். சித்தி கெட்டவள் இல்லை, வேலையே கதியானவள். வீடு முழுக்கத் தீப்பெட்டி ஒட்டும் வேலை. பசை காய்ச்சும் புளித்த வாடை பாய், தலையணை, தலைமுடி எல்லாவற்றிலும் இருக்கும். நானும் சித்தி பிள்ளைகளும் பொழுதுக்கும் பெட்டி ஒட்டுவோம். பெட்டிமேல் ஒட்டக் கம்பெனியிலிருந்து வரும் படக்கட்டில் அச்சு விலகிப்போன படங்கள் சில கிடக்கும். புலிக்கு இரண்டு வாய், ரயிலுக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் சக்கரம், தாமரைக்கு வெளியே வழிந்த சிவப்பு. நல்ல படங்களைக் காட்டிலும் எனக்கு அவைதான் பிடிக்கும். தம்பிக்குக் காட்டலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் பழைய சட்டைப் பைக்குள் சேர்த்தேன். அப்புறம் நான் அச்சகத்தில் வேலைக்குப் போய் எத்தனையோ லட்சம் படங்களைக் கையால் தள்ளியிருக்கிறேன். அந்தப் புலி மாதிரி ஒன்றைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் தீபாவளிப் பட்டாசு லோடு எல்லாம் போய் முடிந்து, ஐப்பசியும் பாதி கடந்தது. வானம் வெளுத்தே கிடந்தது. கரிசல் காடு கால் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. எங்கள் பக்கத்து நியாயம் உங்களுக்குத் தெரியும்: மழை வந்தால் ஒட்டின பெட்டி காயாது, வராவிட்டால் கஞ்சிக்குத் தவசம் கிடையாது. சித்தி காலையில் சூரியனைக் கும்பிட்டுவிட்டு, சாயந்திரம் மழைக்கும் வேண்டிக்கொள்வாள். கடைசியில் ஊர் கூடி மழைச்சோறு எடுப்பது என்று முடிவானது.

நம் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். பெண்களும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்க் கூழோ சோறோ கேட்டு வாங்கி, ஒரே பானையில் கொட்டிக் கலக்கி, உப்பில்லாமல் ஊர்ப் பொதுவான மந்தைத் திடலில் உட்கார்ந்து தின்ன வேண்டும். தின்றுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க வேண்டும். அப்புறம், இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது என்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்ட வேண்டும். அந்தந்த வீட்டு ஆள் பின்னாலேயே ஓடி வந்து, “போகாத தாயி, மழை வரும், கஞ்சி ஊத்துறோம்” என்று சொல்லி மூட்டையை இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். ஊர் காலியாவதைப் பார்த்து வானம் இரங்கும் என்று கணக்கு. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஏற்றிய மூட்டையைப் போகிறவள் தானாக இறக்கக் கூடாது. இறக்கினால் வருகிற மழையும் திரும்பிப் போய்விடும்.

மற்றவர்கள் மூட்டைக்குள் கந்தலைத் திணித்தார்கள். என்னிடம் கந்தல் என்று தனியாக எதுவும் இல்லை. அப்பாவின் சட்டை, அதற்குள் படங்கள், அம்மா எனக்குப் பேன் வாரிய ஈருளி, தம்பி விட்டுப் போன கால்சட்டை. என் சொத்து முழுவதும் அந்த மூட்டையில்தான் இருந்தது.

எல்லைக்கல்லைத் தாண்டினோம். பின்னாலேயே ஆண்கள் வந்தார்கள். ஒரே அழுகை, அதற்குள் ஒரே சிரிப்பு. சித்தப்பா வந்தார். சித்தியின் மூட்டையை இறக்கினார். மூத்த மகளின் மூட்டையை இறக்கினார். சின்னவளை மூட்டையோடு தூக்கித் தோளில் வைத்தார். என்னிடம் வந்து நின்றார். கையைக்கூடக் கொஞ்சம் உயர்த்தினார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நான் நின்றேன். புழுதி அடங்குகிற வரை நின்றேன். யாரும் வரவில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. சரி, இறக்க ஆளில்லை என்றால் நான் போகிறவள்தானே, போகிறேன் என்று நினைத்தேன். இந்த ஆறு ஆனைக்குட்டத்திலிருந்துதான் வருகிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்போது அங்கே அணைக்கட்டு வரவில்லை. ஆறு வறண்டு, வெள்ளை மணல் மேற்கே நீண்டு கிடந்தது. அதைவிட நல்ல ரோடு எனக்கு யார் போட்டுத் தருவார்கள்? இறங்கி நடந்தேன்.

மணல் சுட்டது. மூட்டை பெரிய கனமில்லை, ஆனால் கழுத்து ஒரு பொழுதுக்குள் மரக்கட்டை ஆகிவிட்டது. ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மோந்துகொண்டிருந்த பெண்களிடம் தண்ணீர் கேட்டேன்.

“மூட்டைய வச்சிட்டுக் குடி தாயி” என்றாள் ஒருத்தி.

“வைக்க முடியாது. மழைச்சோத்து மூட்டை.”

“அடி ஆத்தி! இன்னுமா எறக்கலை? கொண்டா, நான் எறக்குறேன்.”

“எறக்குனா நான் உங்க வீட்டுப் பிள்ளை. கூட்டிட்டுப் போவீகளா?”

நீட்டிய கை அப்படியே நின்றது. அவளுக்கு வீட்டில் எத்தனை வாயோ. அவளைக் குறை சொல்லவில்லை. இரண்டு கையாலும் மூட்டையை நான் பிடித்திருக்க, அவளே சிரட்டையை என் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள். சேற்று வாடையோடு அந்தத் தண்ணீர் இனித்தது. இறக்குகிறவர் வீட்டுப் பிள்ளை என்பது யாரும் சொல்லித் தந்த சட்டம் இல்லை. அந்த நிமிடம் என் வாயில் வந்தது. வந்த பிறகு அதைவிட்டு நான் அசையவில்லை.

ரயில் பாலத்துக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கினேன். தலைக்கு மேல் திருநெல்வேலி ரயில் போனபோது தூண் அதிர்ந்து என் பல்லும் சேர்ந்து ஆடியது. அங்கேதான் டீச்சர் என்னைப் பார்த்தார். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. பேச்சுக் கொடுத்து, பொழுது சாயப்போகிறது என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார். மூட்டையோடு சுவரில் சாய்ந்துகொண்டே தின்றேன். சாய்ந்தபடியே தூங்கவும் செய்தேன்.

காலையில் அவர் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“எங்க ஹாஸ்டல்ல ஒன்ன மாதிரிப் பிள்ளைக நெறைய இருக்காக. மூணு வேளை சோறு. படிக்கலாம். இருக்கியாம்மா?”

“தம்பியையும் சேத்துக்குவீகளா?”

“இது பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல். அவனுக்கு வேற எடம் பாக்கலாம்.”

“அப்ப வேண்டாம் டீச்சர்.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா.”

“யோசிச்சிட்டேன் டீச்சர்.”

இரண்டாவது முறை என்னைப் பிரிக்கப் பார்த்தவர் அவர். ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஏனென்றால் அடுத்து அவர் செய்தது அப்படி. ஒரு துண்டைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கினார். ஒரு கையால் என் மூட்டையை ஓர் அங்குலம் மேலே தூக்கி, மறு கையால் சும்மாட்டை என் தலையில் வைத்துவிட்டு மூட்டையை மறுபடி உட்கார வைத்தார்.

“நான் எறக்கலை. ஒசத்தித்தான் விட்டேன். அதுக்கு ஒண்ணும் தடை இல்லையே?”

நான் சிரித்துவிட்டேன். அப்பா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மத்தியானம் வானம் மேற்கே கறுத்தது. கரைமேல் பட்டாசு ஆலைக் கொட்டகைகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நின்றன. அங்கிருந்து ஆட்கள் ஓடி வந்து, வெயிலில் காயவைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். முகம், கை எல்லாம் வெள்ளிப் பொடி. ஓடும்போதே வானத்தைத் திட்டினார்கள். முதல் துளி என் மூக்கில் விழுந்தது. அப்புறம் மழை ஒரேயடியாகக் கொட்டியது. ஆற்றில் நுரையும் முள்ளுமாகத் தண்ணீர் தலைகாட்டியதைப் பார்த்ததும் கரை ஏறிவிட்டேன். கரிசல் மண் காலோடு அப்பி, அடிக்கு ஒரு செருப்பு வளர்ந்தது. உதறி உதறி நடந்தேன். பயம் இருந்தது, சத்தியமாக இருந்தது. திரும்பிப் போக வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஆனைக்குட்டத்தில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது மழை விடவில்லை. பெரியப்பாவுக்கு வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் வேலை. நனைந்துபோன குழாய்களை வாரி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாய் பிளந்தது.

“நீயா? யாரு கூட வந்த?”

“நடந்து வந்தேன்.”

பெரியம்மா வாசலுக்கு வந்து, “எறக்கி வச்சிட்டு உள்ள வா, நனையிற” என்றாள்.

“நான் எறக்க மாட்டேன் பெரியம்மா. யாரு எறக்குறாகளோ நான் அவுக வீட்டுப் பிள்ளை. தெரிஞ்சு எறக்குங்க.”

மூட்டைக்கு வந்த பெரியப்பாவின் கை பின்வாங்கியது. “இது என்ன புதுக் கூத்தா இருக்கு? நாளைக்கு வண்டி ஏத்தி விடுறேன், உங்க சித்தி வீட்டுக்குப் போயிரு” என்றார்.

“தம்பியும் ஏறுவானா?”

பெரியப்பா மறுபடி குழாய்களை வாரக் குனிந்துவிட்டார். நான் முற்றத்தில் நின்றேன். தெரு கூடிவிட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுச் சம்சாரி, சொந்தக் காடு உழுகிறவர், வந்தார். அந்த நேரம் பார்த்து, தொப்பல் தொப்பலாக நனைந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். கிணறு, கண்மாய் எல்லாம் தேடினார்களாம். மழை இறங்கியதும் ஊர் தேடுவதை நிறுத்திவிட்டதாம்.

“நல்லவேளை, இங்கன இருக்கா. அண்ணே, ஒரு விஷயம்” என்று பெரியப்பாவைப் பார்த்தார். “பிள்ளை மெய்யாவே எல்லை தாண்டிப் போகப்போய்த்தான் மழை எறங்கிருச்சுன்னு ஊருல பேசுறாக. வெள்ளாமை வீடு வந்து சேர்ற வரைக்கும் அவ எல்லைய மிதிக்கக் கூடாதாம்.”

“அதுக்கு? நான் வச்சுக்கணுமாக்கும்?”

“முறைன்னு பாத்தா உங்க வீட்டுப் பிள்ளைதான அண்ணே?”

“பாகம் பிரிச்சு விட்ட பெறகு என்னய்யா முறை?”

கேட்டீர்களா? மழை நான் கொண்டு வந்ததாம், ஆனால் நான் வேண்டாமாம். என் தலைக்கு மேல் இரண்டு ஆண்பிள்ளைகள் முறை பேசிக்கொண்டிருக்க, அந்தத் தலையிலிருந்து சொட்டச் சொட்டத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. தம்பி. பேன் என்று மொட்டை போட்டிருந்தார்கள். என்னையே பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. அக்கா கண்காணாத சீமைக்குப் போய்விட்டாள் என்று அவனிடம் சொல்லியிருந்தார்களாம். மறந்துவிட்டானோ?

அவன் மழைக்குள் இறங்கினான். முற்றத்து உரல்மேல் ஏறி நின்றான்.

“இங்கன வா” என்றான்.

போனேன்.

“எறக்கட்டா?”

“எறக்குனா நீதான் என்னைய வச்சுக்கணும்லே.”

“சரி” என்றான்.

இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்து இழுத்தான். அவனால் தாங்க முடியவில்லை. மூட்டை சேற்றில் விழுந்து பிரிந்தது. சட்டைப் பையிலிருந்து புலியும் ரயிலும் தாமரையும் வெள்ளத்தில் மிதந்து வாசலைத் தாண்டிப் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் அவற்றைப் பார்க்கவும் இல்லை. உரல்மேல் நின்ற அவனை இடுப்போடு கட்டிக்கொண்டு, வேண்டும் என்கிற மட்டும் அழுதேன்.

பெரியப்பா, “சின்னப் பய எறக்குனது செல்லுமா?” என்றார். எதிர்வீட்டுச் சம்சாரி சாக்குக்குள்ளிருந்து சிரித்தார்.

“ஆம்பளப் பிள்ளைன்னுதான அவனை இங்கன கூட்டிட்டு வந்தீக? அப்ப அவன் அந்த வீட்டு ஆளுதான? எறக்கியாச்சுய்யா. மழை கொண்டாந்த பிள்ளைய மழையில நிக்க விடாதீக, எங்க வெள்ளாமைக்கு ஆகாது.”

மழையை நான் கொண்டு வரவில்லை. அது அன்றைக்கு வர இருந்த மழை. அது எனக்கு அப்போதே தெரியும். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்கே என்னால் மழை என்றால், எனக்கு அதனால் ஒரு வீடு கிடைக்கட்டுமே! பெரியம்மா ஒரு காய்ந்த சேலையைக் கொண்டு வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் துவட்டினாள். ஒரே தட்டில் சோறு போட்டாள்.

எல்லையில் சித்தப்பா ஏன் திரும்பிப் போனார் என்பது ரொம்பக் காலம் கழித்துச் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மூட்டை இறக்குவது தகப்பன் வழி ஆண்களின் உரிமையாம். தான் இறக்கினால் பங்காளிகள் உரிமையில் கை வைத்ததாகப் பேச்சு வரும் என்று ஒதுங்கினாராம். ஒருவேளை பெரியப்பா ஆள் அனுப்பியிருப்பாரோ என்றுதான் அக்கம்பக்கம் பார்த்தாராம். மரியாதை பார்த்திருக்கிறார், மனுஷன்! பத்து வயதுப் பிள்ளை பொட்டல் வெளியில் நிற்கும்போது மரியாதை. அவர் மனதில் கள்ளம் இல்லை என்று இப்போது நம்புகிறேன். அதற்காக அவர் செய்தது சரியென்று என் வாயால் வராது.

தை மாதம் வெள்ளாமை வீடு வந்தது. அந்தச் சித்தப்பாவே வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். கம்பும் உளுந்தும் ஒரு மூட்டை கொண்டு வந்து வைத்தார். சித்தி பெட்டி ஒட்ட ஆளில்லாமல் திண்டாடுகிறாளாம். “இனி வரலாம், தடை ஒண்ணும் இல்லை” என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அதற்குள் நானும் நாளுக்கு எத்தனையோ குழாய் சுற்றித் தள்ளும் கைக்காரி ஆகியிருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

“எங்கிட்டக் கேக்காதீக சித்தப்பா. வீட்டு ஆளைக் கேளுங்க” என்றேன்.

தம்பி வாசலில் உட்கார்ந்து மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கம்பங்கதிர் உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தான். சித்தப்பா சிரித்துக்கொண்டே குனிந்து, “என்ன பெரிய மனுசா, உங்க அக்காளைக் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டார்.

அவன் மென்று முடித்தான். “எங்க வீட்டுப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்” என்றான்.

அவ்வளவுதான். வண்டி வெறுமையாகத் திரும்பியது. பிற்பாடு என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அவன் வாசலில் நின்று அதே வாக்கியத்தைத்தான் சொன்னான். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைதான் ஆனைக்குட்டத்துக்குக் குடி வந்தார்.